பேட்ச்: ஒட்டா, பொத்தா, செப்பனா?

பொருள்: பேட்ச், வல்னரபிலிட்டி - தமிழில் எப்படி?

அனைவருக்கும் வணக்கம்.

வழங்கி (சர்வர்) மேலாண்மைக் கருவிகளுக்கு வரும் பாதுகாப்பு அறிவிப்புகளைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன். "மறையாக்க மென்பொருளில் இருந்த வல்னரபிலிட்டிக்கு பேட்ச் வெளியிடப்பட்டுள்ளது." இதில் மறையாக்கம் (என்கிரிப்ஷன்) ஒன்றுதான் தமிழில் உட்கார்ந்திருக்கிறது.

பேட்சுக்கு, அதாவது மென்பொருளின் குறையைச் சரிசெய்ய வரும் நிரல்துண்டுக்கு, இதுவரை என் கண்ணில் பட்டவை: இணைப்பு, திருத்தம், ஒட்டு, பொருத்து. இணைப்பை முதலிலேயே தள்ளிவிடலாம் என்பது என் கட்சி. மின்னஞ்சலோடு வருவதும் இணைப்பு, சொடுக்கினால் திறப்பதும் இணைப்பு, வலை அறுந்தால் போவதும் இணைப்பு. 'பாதுகாப்பு இணைப்பு' என்று எழுதினால் பூட்டுக்குறி போட்ட வலைத்தொடர்பு என்றுதான் படிப்பவர் நினைப்பார். திருத்தம் பரவாயில்லை. ஆனால் எழுத்துப்பிழையைச் சரிசெய்வதும் திருத்தம்தானே, அதில் அவசரம் தெரியவில்லை.

வல்னரபிலிட்டிக்கு, அதாவது தாக்குபவர் பயன்படுத்திக்கொள்ளக்கூடிய குறைக்கு, பலர் 'பாதிப்பு' என்று எழுதுகிறார்கள். அது தவறு. பாதிப்பு என்பது நடந்து முடிந்தது. இதுவோ இனிமேல் நடக்கக்கூடியது. "உங்கள் வழங்கியில் பாதிப்பு உள்ளது" என்று மடல் போனால், யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள் என்று அலறுவார்கள்.

உங்கள் கருத்து?

பொருள்: மறு: பேட்ச், வல்னரபிலிட்டி - தமிழில் எப்படி?

தம்பி, நல்ல கேள்வி. எனக்குக் கணினி அவ்வளவாகத் தெரியாது, சொல் மட்டும் கொஞ்சம் தெரியும். அந்த அளவில் சொல்கிறேன்.

பேட்ச் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். துணிக்குப் போடும் ஒட்டிலிருந்து உருவகமாக வந்தது என்று எண்ணியிருந்தேன். பார்த்தால் நேராகவே ஒட்டியிருக்கிறார்கள்! 1944இல் இயங்கத் தொடங்கிய ஹார்வர்டு மார்க் 1 கணினிக்குக் கட்டளைகள் துளையிட்ட காகித நாடாவில் போயின. தப்பான இடத்தில் துளை விழுந்துவிட்டால் அதன்மேல் ஒரு துண்டை ஒட்டி மூடுவார்களாம். அப்படி ஒட்டுப்போட்ட நாடா ஒன்றின் படம்கூட இருக்கிறது. ஆக, பேட்சின் முதல் வேலையே துளையை மூடுவதுதான்.

துளையை மூட நம்மிடம் ஓர் அழகான வினை இருக்கிறது: பொத்துதல். காதைப் பொத்துகிறோம், வாயைப் பொத்துகிறோம். அதே வேரில் துளைக்கும் பெயர் இருக்கிறது: பொத்தல். வள்ளுவரிடமும் உண்டு. 468ஆம் குறள் "பலர்நின்று போற்றினும் பொத்துப் படும்" என்று முடியும். போற்றுதல் என்பது இங்கே காத்தல். முறையாகச் செய்யாத வேலை, பலர் சூழ நின்று காத்தாலும் குறைபட்டுப்போகும் என்பது பொருள். உங்கள் தொழிலுக்கென்றே எழுதியதுபோல் இல்லையா?

என் பரிந்துரை: வல்னரபிலிட்டி = பொத்தல். பேட்ச் = பொத்து.

பொருள்: மறு: மறு: பேட்ச், வல்னரபிலிட்டி - தமிழில் எப்படி?

ஐயா, நாடாச் செய்தி அருமை. பொத்தலை இப்போதே எடுத்துக்கொள்கிறேன். 'பொத்தல் பானை' கேட்ட காதுக்கு விளக்கமே வேண்டாம்.

ஆனால் 'பொத்து' இடிக்கிறது. பொத்தினேன் என்றால் மூடினேன் மட்டுமா? வாயைப் பொத்தினான் என்றால் பேசவிடாமல் செய்தான். பொத்திவைத்தார்கள் என்றால் ஊருக்குத் தெரியாமல் மறைத்தார்கள். ஒரு நிறுவனம் "பொத்தலைப் பொத்திவிட்டோம்" என்று அறிவித்தால், சரிசெய்தார்களா அமுக்கிவிட்டார்களா என்று படிப்பவர் குழம்புவார். இந்தத் தொழிலில் இரண்டுமே நடக்கும் என்பதுதான் சிக்கல்! இன்னொன்று, பொத்தல் என்பதே பொத்துதலின் தொழிற்பெயராகவும் நிற்கும். "பொத்தல் முடிந்தது" என்று நான் எழுதினால் இலக்கணம் தெரிந்தவர் ஒருவிதமாகவும் தெரியாதவர் வேறுவிதமாகவும் படிப்பார்.

இடையில் ஒரு நண்பர் தனிமடலில் 'அடைப்பு' என்றார். ஓட்டையை அடைப்பதால் அடைப்பு, சரிதான். ஆனால் நான் மொழிபெயர்க்கும் அறிவிப்புகளில் பாதி ஹார்ட்பிளீட் (நேராகப் பெயர்த்தால் 'இதயக்கசிவு') என்ற வல்னரபிலிட்டி பற்றியவை. 'இதயக்கசிவுக்கு அடைப்பு' என்று எழுதினால் எந்த மருத்துவரிடம் போவது என்று கேட்பார்கள்.

ஹார்ட்பிளீட் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன், அதையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். ஏனென்றால் ஒரு சொல் போதாது என்று எனக்குப் புரியவைத்ததே அதுதான்.

2014 ஏப்ரல் 7 அன்று வெளியே தெரிந்தது, வல்னரபிலிட்டிகளின் பொதுப் பட்டியலில் அதன் எண் சிவிஇ-2014-0160. ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நிரலகத்தில் (லைப்ரரி) 'ஹார்ட்பீட்' என்றொரு வசதி. தொடர்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு பக்கம் சில எழுத்துகளை அனுப்பும், கூடவே அவற்றின் நீளத்தையும் சொல்லும். மறுபக்கம் அதையே திருப்பி அனுப்ப வேண்டும். சொன்ன நீளமும் வந்த நீளமும் ஒன்றா என்று வழங்கி எண்ணிப் பார்க்கவில்லை. மூன்று எழுத்தை அனுப்பிவிட்டு அறுபதாயிரம் என்று சொன்னால், நினைவகத்தில் பக்கத்தில் கிடந்ததையெல்லாம் சேர்த்து அள்ளிக் கொடுத்துவிடும். ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரை. எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம். அதில் கடவுச்சொல் வரலாம், வழங்கியின் மறையாக்கத்தைத் திறக்கும் ரகசியமான தனிச்சாவியே வரலாம். ஓப்பன்எஸ்எஸ்எல் பதிப்புகளில் 1.0.1 முதல் 1.0.1எஃப் வரை இந்தப் பொத்தல் இருந்தது. 1.0.1ஜியில் நீளத்தைச் சரிபார்க்கும் சில வரிகளைச் சேர்த்தார்கள். அந்தச் சில வரிகள்தான் பேட்ச்.

அதைப் போட்டதும் வேலை முடிந்ததா? இல்லவே இல்லை.

கோப்பு வட்டில் மாறிவிடும். ஆனால் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் பழைய நிரலகத்தை நினைவகத்தில் பிடித்துக்கொண்டே ஓடும். ரீஸ்டார்ட் செய்யும்வரை பொத்தல் அப்படியேதான். அப்புறம் மேலாண்மைக் கருவிகள். இவற்றில் பல, இயக்குதளத்தின் ஓப்பன்எஸ்எஸ்எல்லை நம்பாமல் தமக்கென ஒரு படியைச் சுமந்து வரும். இயக்குதளத்தை எத்தனை முறை புதுப்பித்தாலும் அந்தப் படியை அது தொடாது. எச்பியின் 'சிஸ்டம் மேனேஜ்மென்ட் ஹோம்பேஜ்' கருவியின் சில பதிப்புகள் அந்த ஆண்டு இப்படித்தான் சிக்கின. அந்தக் கருவிக்கெனத் தனியாகப் புதிய பதிப்பு வரவேண்டியிருந்தது. வழங்கியையே அணைத்து ஏற்றும் அதிகாரம் உள்ள கருவியில் பொத்தல் என்றால், கதவைப் பூட்டிவிட்டு சாவிக்கொத்தை வாசலில் மாட்டியதற்குச் சமம்.

இதில் ஒரு கொடுமையும் உண்டு. எச்பி வழங்கிகளில் இருந்த ஐலோ, ஐலோ 2 என்ற பழைய மேலாண்மைச் சில்லுகளில் ஹார்ட்பிளீட் பொத்தல் கிடையாது. ஆனால் பொத்தல் இருக்கிறதா என்று சோதிக்கும் கருவியை அவற்றின்மேல் ஓட்டினால் அவை உறைந்துபோயின! மின்கம்பியைப் பிடுங்கிச் செருகினால்தான் உயிர் வரும். தொலைவிலிருந்து ஆளத்தான் அந்தச் சில்லு, அதை எழுப்ப நேரில் ஓட வேண்டும்.

பதிப்பு எண்ணைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால் அதுவும் நடக்காது. லினக்ஸ் வெளியீடுகளான டெபியனும் ரெட் ஹாட்டும் 1.0.1இ என்ற எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு திருத்தத்தை மட்டும் உள்ளே கொண்டுவந்தன. எண் பழையது, பொத்தல் இல்லை. இப்படிப் பழைய பதிப்புக்குக் கொண்டுவருவதற்கும் ஒரு சொல் வேண்டும். பின்னொட்டு என்று சொல்ல ஆசைதான், இலக்கணக்காரர்கள் அடிக்க வருவார்கள்.

கடைசியில் சாவி. பொத்தல் வழியே சாவி கசிந்திருந்தால், மூடியபிறகும் அது எடுத்தவன் கையில்தான் இருக்கும். புதுச் சாவி உருவாக்கி, வழங்கியின் அடையாளத்தை உறுதிசெய்யும் புதுச் சான்றிதழ் வாங்கி, பழையதை ரத்து செய்து, அதன்பிறகுதான் கடவுச்சொற்களை மாற்ற வேண்டும். இந்த வரிசை தப்பினால் புதுக் கடவுச்சொல்லும் பழைய பொத்தல் வழியே ஒழுகும். 2008இல் டெபியனின் ஓப்பன்எஸ்எஸ்எல் தொகுப்பில் வேறொரு கோளாறு தெரியவந்தது. சாவி உருவாக்கத் தேவையான தற்செயல் எண்ணுக்கு ஏறக்குறைய புராசஸ் எண் (ஓடும் நிரலுக்கு இயக்குதளம் தரும் எண்) மட்டுமே ஆதாரமாக நின்றதால், ஒவ்வொரு வகைச் சாவியும் 32,768 சாத்தியங்களுக்குள் அடங்கிவிட்டது. தொகுப்பைத் திருத்தினார்கள். ஆனால் 2006 முதல் அந்தத் தொகுப்பில் உருவான சாவிகள் தாமாகவா வலுப்பெறும்? ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்து எறிய வேண்டியிருந்தது.

நானே பட்டிருக்கிறேன். முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் "பேட்ச் போட்டாச்சு" என்று எல்லாருக்கும் மடல் அனுப்பினேன். முடிந்தது என்று எல்லாரும் நிம்மதியாகிவிட்டார்கள், நானும்தான். கண்காணிப்புக் கருவியை யாரும் ரீஸ்டார்ட் செய்யவில்லை என்பது பதினொரு நாள் கழித்துத் தெரிந்தது. நான் சொன்னது பொய்யில்லை, பேட்ச் போட்டது உண்மை. அந்தச் சொல்தான் இல்லாத முடிவைச் சொல்லிவிட்டது.

அதனால் இரண்டு சொல் கேட்கிறேன். வரும் கோப்புக்கு ஒன்று. கோப்பைப் போடுவதிலிருந்து பழைய சாவியை ரத்து செய்வதுவரை முழு வேலைக்கு இன்னொன்று. கோப்பு 'ஒட்டு', முழு வேலை 'செப்பனிடல்'. சாலையைச் செப்பனிடுகிறோம் என்றால் தார் ஊற்றுவது மட்டும் யார் நினைவுக்கும் வராது. தடுப்பு வைப்பது, தோண்டுவது, நிரப்புவது, திறந்துவிடுவது எல்லாம் அதில் அடங்கும்.

பொருள்: மறு: மறு: மறு: பேட்ச், வல்னரபிலிட்டி - தமிழில் எப்படி?

இரண்டாகப் பிரித்தது சரி. 'ஒட்டு'க்கு மட்டும் ஒரு தடை. இடைமுகங்களை மொழிபெயர்ப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: 'வெட்டு, நகலெடு, ஒட்டு' ஏற்கனவே எல்லா மெனுப் பட்டியிலும் இருக்கிறது. பாதுகாப்புக் கருவியின் பொத்தானில் 'ஒட்டு' என்று வந்தால், எதை நகலெடுத்தேன் என்று பயனர் யோசிப்பார். தட்டச்சில் ஒகரம் நெடிலாகிவிட்டால் ஓட்டாகி, தேர்தலே நடத்திவிடலாம்.

'ஒட்டுநிரல்' என்று வையுங்கள். பெயர் என்று பார்த்ததும் தெரியும், ஒட்டு என்ற வினையோடு மோதாது.

இன்னொன்று. எல்லா வல்னரபிலிட்டியும் பொத்தலா? 2014 அக்டோபரில் வெளிவந்த பூடில் என்பது, எஸ்எஸ்எல் 3.0 என்ற பழைய மறையாக்க நெறிமுறையின் வடிவமைப்பிலேயே இருந்த பலவீனம். துளை என்று காட்ட ஓரிடம் இல்லை. அந்த நெறிமுறையையே அணைப்பதுதான் வழியாக இருந்தது. அதைப் பொத்தல் என்பீர்களா?

பொருள்: மறு: மறு: மறு: மறு: பேட்ச், வல்னரபிலிட்டி - தமிழில் எப்படி?

அம்மணி சொன்ன ஒட்டுநிரலை ஏற்கிறேன். 'பொத்து' தோற்றதில் கொஞ்சம் வருத்தம்தான், ஆனால் மறைத்தல் என்ற பொருளை நான் நினைத்துப் பார்க்கவில்லை. அது வலுவான தடை.

பூடில் போன்றவற்றுக்கு 'நொய்ம்மை' பொருந்துமா என்று பாருங்கள். நொய்ந்த துணியில் ஓட்டை இருக்காது, இழுத்தால் கிழியும். ஒட்டுப்போடவும் தாங்காது, மாற்றத்தான் வேண்டும்.

பொருள்: மறு: மறு: மறு: மறு: மறு: பேட்ச், வல்னரபிலிட்டி - தமிழில் எப்படி?

நொய்ம்மை பிடித்திருக்கிறது ஐயா. இரண்டுக்கும் பொதுப்பெயராக அதையே வைத்து, பொத்தலை அதன் ஒரு வகையாகக் கொள்ளலாமா, அல்லது தனித்தனியா என்பதை இன்னும் சிலர் சொல்லட்டும். மறையாக்கக்காரர்கள் யாராவது வாய் திறந்தால் நல்லது.

இப்போதைக்கு அறிவிப்பின் முதல் வரி இப்படிப் போகிறது: "மறையாக்க நிரலகத்தில் இருந்த பொத்தலுக்கு ஒட்டுநிரல் வந்துள்ளது. மேலாண்மைக் கருவிகளைச் செப்பனிடும் பணி தொடர்கிறது. அது முடியும்வரை கடவுச்சொல்லை மாற்ற வேண்டாம்."