எண்ணெயைத் திருப்பிவிட்ட ரஷ்யாவால் எரிவாயுவை ஏன் திருப்ப முடியவில்லை?

பொன்னி: 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதும் ஐரோப்பா ரஷ்ய எண்ணெயை ஒதுக்க ஆரம்பித்தது, தள்ளுபடி விலையில் இந்தியாவும் சீனாவும் அள்ளிக்கொண்டன. போருக்கு முன் நம் கச்சா எண்ணெய் இறக்குமதியில் ரஷ்யாவின் பங்கு 2 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது, 2023-ல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டது. சரி, எரிவாயுவுக்கும் இதே வழி இருந்திருக்குமே? சீனா பக்கத்து நாடுதானே, அப்படியிருந்தும் ரஷ்ய அரசின் எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோம் 2023-ல் ஏன் பெரிய நஷ்டத்தில் விழுந்தது?

வைகைக்கரையான்: குழாய்தான் காரணம். எண்ணெய் கப்பலில் போகிறது, நெதர்லாந்தின் ரோட்டர்டாமுக்குப் போகவேண்டியதை குஜராத்தின் ஜாம்நகருக்குத் திருப்பலாம், தூரமும் செலவும் கூடும், அவ்வளவுதான். ஐரோப்பாவுக்குப் போன வாயு மேற்குச் சைபீரியாவின் உரெங்கோய், யமால் பக்கத்து வயல்களில் எடுத்தது, அங்கிருந்து கிளம்பும் பெரிய குழாய்கள் சோவியத் காலத்திலிருந்தே மேற்கு நோக்கித்தான் போகின்றன. சீனாவுக்கு 2019 டிசம்பரில் திறந்த 'சைபீரியாவின் சக்தி' குழாய் கிழக்குச் சைபீரியாவின் வேறு வயல்களிலிருந்து போகிறது, இரண்டுக்கும் நடுவே இணைப்பே கிடையாது. அதன் கொள்ளளவும் ஆண்டுக்கு 38 பில்லியன் கனமீட்டர்தான். 2021-ல் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்யாவிடம் வாங்கியதோ சுமார் 150. மங்கோலியா வழியாக இன்னொரு குழாய் போட மாஸ்கோ துடிக்கிறது. 2025 செப்டம்பரில் அதற்குக் கையெழுத்தானதாக காஸ்ப்ரோம் அறிவித்தபோதுகூட விலை முடிவாகவில்லை. படையெடுப்புக்குச் சில வாரங்கள் முன்பு 'எல்லையற்ற நட்பு' என்று கூட்டறிக்கை விட்ட அதே சீனாதான்! துர்க்மெனிஸ்தான் வாயு ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும்போது அவர்களுக்கு என்ன அவசரம், நன்றாக அடித்துப் பேசுகிறார்கள்.

பொன்னி: அப்படியென்றால், திருப்ப வழியில்லாத சரக்கை ரஷ்யாவே ஏன் நிறுத்தியது? ரூபிளில் பணம் கட்டவில்லை என்று 2022 ஏப்ரலில் போலந்துக்கும் பல்கேரியாவுக்கும் அவர்கள்தானே வால்வை மூடினார்கள்?

நெய்தல்: குளிர்காலம் வந்தால் ஜெர்மனி பணிந்துவிடும் என்ற கணக்கு அது என்றுதான் நான் நினைக்கிறேன். கணக்கு பொய்த்தது. நார்வே கூடுதலாகக் கொடுத்தது, அமெரிக்காவிலிருந்து எல்என்ஜி, அதாவது குளிரவைத்துத் திரவமாக்கிய எரிவாயு, கப்பல்களில் வந்தது, ஒரு எல்என்ஜி முனையம்கூட இல்லாத ஜெர்மனி 2022 டிசம்பரில் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில் மிதக்கும் முனையத்தைத் திறந்தது. ஆனால் இதற்கு விலை கொடுத்தது யார் என்று யாரும் பேசுவதில்லை, எனக்கு ஆத்திரமே அதில்தான். ஐரோப்பா என்ன விலையானாலும் வாங்கியதில் பாகிஸ்தானின் எல்என்ஜி டெண்டருக்கு ஒருவரும் வரவில்லை, வங்கதேசம் அன்றைய விலைக்கு விற்கும் உடனடிச் சந்தையில் வாங்குவதையே நிறுத்திவிட்டு மின்வெட்டை அறிவித்தது. அந்தப் போரில் இவர்களுக்கு என்ன சம்பந்தம்?

வைகைக்கரையான்: நாமும் தப்பவில்லை நெய்தல். நம் அரசு எரிவாயு நிறுவனமான கெயிலுக்கு நீண்டகால ஒப்பந்தத்தில் எல்என்ஜி கொடுத்துவந்தது காஸ்ப்ரோமின் சிங்கப்பூர் கிளை, அது ஜெர்மனியில் இருந்த காஸ்ப்ரோம் நிறுவனத்துக்குக் கீழே இருந்தது. 2022 ஏப்ரலில் ஜெர்மன் அரசு அந்த நிறுவனத்தைத் தன் பொறுப்பில் எடுத்தது, பதிலுக்கு மே மாதம் ரஷ்யா அதன்மேலேயே தடை போட்டது. அப்புறம் கெயிலுக்கு வரவேண்டிய கப்பல்கள் நின்றுபோயின, தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் வாயுவை அவர்கள் குறைக்க வேண்டியதாயிற்று. தள்ளுபடி எண்ணெய் வந்து குவிந்ததும் அதே மாதங்களில்தான்.