'உண்மைச் சம்பவம்' என்று போடும் பேய்ப் படங்களில் உண்மை எவ்வளவு?

தக்கலைக்காரி:

என் மகன் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறான். விடுமுறைக்குச் சித்தி வீட்டுக்குப் போனவன், அங்கே பெரிய பையன்களோடு உட்கார்ந்து 'தி கான்ஜூரிங்' பார்த்துவிட்டு வந்திருக்கிறான். இப்போது நடுராத்திரியில் கழிவறைக்குப் போக வேண்டுமென்றாலும் என்னை எழுப்புகிறான்.

பேய்ப் படம் பார்த்துப் பயப்படுவது புதிதல்ல. நாங்களும் பயந்தவர்கள்தாம். "சினிமாதானே மக்களே" என்று சொன்னால் அடங்கிவிடும். இவனிடம் அந்தப் பேச்சு எடுபடவில்லை. "உண்மைக் கதை என்று படத்திலேயே போட்டிருக்கிறார்களே அம்மா" என்கிறான். மாமியார் கயிறு மந்திரித்துக் கட்டியிருக்கிறார். கயிறு கட்டியதும், அப்படியானால் பேய் உண்மைதான் என்று இன்னும் உறுதியாக நம்புகிறான்!

வேடிக்கை என்னவென்றால், எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் பத்மநாபபுரம் அரண்மனை. 'மணிச்சித்திரத்தாழ்' என்ற மலையாளப் படம் எடுத்த இடம் என்று வருகிற உறவினரையெல்லாம் இவன்தான் உள்ளே கூட்டிப்போய்க் காட்டுகிறான். அந்தப் படத்து நாகவல்லியிடம் அவனுக்குப் பயமில்லை, அமெரிக்கப் பேயிடம்தான் பயம்.

இந்தப் படங்களில் எது நடந்தது, எது சேர்த்தது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பொய் சொல்லி அவனைச் சமாதானப்படுத்த விருப்பமில்லை.

கொல்லங்கோட்டான்:

போனைப் பிடுங்கி அலமாரியில் பூட்டுங்கள். பேயும் சேர்ந்து உள்ளே போய்விடும்.

பழைய ஆபரேட்டர், மார்த்தாண்டம்:

அவன் பார்த்தது அவன் போனில் இல்லையே தம்பி. பையன் கேட்பது நியாயமான கேள்வி, அதற்குப் பதில்தான் சொல்ல வேண்டும்.

நான் மார்த்தாண்டம் பக்கம் ஒரு தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தவன். கார்பன் குச்சி எரிந்த காலத்திலேயே புரொஜெக்டர் அறைக்குள் போனேன். பேய்ப் படம் ஓடினால் நான் திரையைப் பார்ப்பதில்லை. சுவரில் உள்ள சதுர ஓட்டை வழியே கூட்டத்தைப் பார்ப்பேன். பேய் வரும்போது முன் வரிசை விசிலடிக்கும், பின் வரிசை சிரிக்கும். தொடக்கத்தில் 'இது உண்மையில் நடந்தது' என்று எழுத்து விழுந்தால் மட்டும் அரங்கம் கப்சிப். கடலைப் பொட்டலம் பிரிக்கிற சத்தம்கூட நின்றுவிடும். அந்த ஒரு வரிக்குத் தயாரிப்பாளருக்குக் காலணா செலவில்லை.

இனி உங்கள் மகனின் படத்துக்கு வருகிறேன். அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஹாரிஸ்வில் என்ற ஊரில், ஒரு பழைய பண்ணை வீட்டுக்கு பெரோன் குடும்பம் 1971இல் குடிவந்தது உண்மை. பேய் விசாரிக்கிறோம் என்று எட் வாரன், லொரெய்ன் வாரன் தம்பதி அங்கே போனதும் உண்மை. பேய் இருந்தது என்பதற்கு இந்த இரு தரப்பாரின் வாய்ச்சொல்லுக்கு மேல் எதுவும் இல்லை. படத்தை அந்த வீட்டில் எடுக்கவே இல்லை. வட கரோலினாவில் எடுத்தார்கள். 2013இல் படம் வந்த பிறகு, அசல் வீட்டில் குடியிருந்தவர்கள் 2015இல் வழக்குப் போட்டார்கள். பேய்த் தொல்லைக்காக அல்ல, படம் பார்த்துவிட்டு அவர்கள் நிலத்துக்குள் நுழைகிற ரசிகர்களின் தொல்லைக்காக!

அன்னபெல் பொம்மையையும் சொல்லிவிடுகிறேன். படத்தில் வருகிற கோர முகப் பொம்மை வேறு. வாரன் தம்பதி கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தது கடையில் விற்கிற ராகெடி ஆன் துணிப் பொம்மை. சிவப்பு நூலில் தலைமுடி, முக்கோண மூக்கு. அதன் படத்தைத் தேடியெடுத்துப் பையனிடம் காட்டுங்கள்.

எனக்கு எரிச்சல் வருவது 'அமிட்டிவில் ஹாரர்' விஷயத்தில். 1974 நவம்பரில், நியூயார்க் மாநிலத்தின் அமிட்டிவில்லில், ரொனால்ட் டிஃபியோ என்ற இளைஞன் தன் பெற்றோரையும் உடன்பிறந்தவர்கள் நால்வரையும் துப்பாக்கியால் சுட்டுக் கொன்றான். அடுத்த ஆண்டு டிசம்பரில் அந்த வீட்டை வாங்கிக் குடியேறிய லட்ஸ் குடும்பம், பேய் என்று சொல்லி 28 நாளில் வெளியேறியது. புத்தகம் வந்தது, 1979இல் படம் வந்தது. டிஃபியோவின் வக்கீலே பின்னாளில், லட்ஸ் தம்பதியோடு மது பாட்டில்களை வைத்துக்கொண்டு சேர்ந்து உருவாக்கிய கதை அது என்று சொல்லிவிட்டார். பிறகு அங்கே வசித்த குடும்பத்துக்கும் வேடிக்கை பார்க்க வந்த கூட்டம்தான் தொல்லை. செத்த ஆறு பேரை யார் நினைக்கிறார்கள்? சுட்டவன் செய்ததில் பாதிப் பழியைப் பேயின் தலையில் கட்டியாயிற்று.

நம் பக்கத்து வில்லுப்பாட்டு அப்படிச் செய்யாது. முத்துப்பட்டன் கதையைக் கேட்டுப் பாருங்கள். மாடு திருட வந்தவர்களோடு சண்டை போட்டு அவன் எப்படிச் செத்தான், அவன் மனைவிகள் பொம்மக்காவும் திம்மக்காவும் என்ன ஆனார்கள் என்று விடிய விடியப் பாடிய பிறகுதான் அவன் சாமி. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் இன்றும் அவனுக்குத் தோல் செருப்பைக் காணிக்கையாக வைக்கிறார்கள். செருப்புத் தைத்துக் காட்டிப் பெண் கட்டியவன் அல்லவா! அதைக் கேட்டால் கோபம் வரும், அழுகை வரும். பயம் அதற்குப் பிறகுதான்.

'மணிச்சித்திரத்தாழ்' (1993) எனக்குப் பிடிக்கக் காரணமும் இதுதான். கேரளத்தில் ஹரிப்பாட்டுக்குப் பக்கத்தில் முட்டம் என்ற ஊரில், ஆலும்மூட்டில் தறவாடு என்ற பழைய குடும்ப வீட்டில் நடந்த ஒரு துயரம்தான் அதற்கு வித்து. கதை எழுதிய மது முட்டத்துக்கு அதே ஊர். இயக்குநர் பாசில் அதைப் பேய்க் கதையாக முடித்திருக்கலாம், முடிக்கவில்லை. தன்னை நாகவல்லியாக நினைக்கும் நாயகி கங்காவுக்குப் பிடித்திருப்பது மனநோய் என்று ஒரு மருத்துவர் வந்து சொல்கிறார். உங்கள் மகனுக்கு நாகவல்லியிடம் பயமில்லாததற்கு அது காரணமாக இருக்கும்.

பாறசாலை நர்ஸ்:

ஆபரேட்டர் அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 'எமிலி ரோஸ்' படம் 2005இல் வந்தது. அசல் பெண் அன்னலீஸ் மிஷெல், ஜெர்மனிக்காரி. அவளுக்கு வலிப்பு நோய் இருப்பதாக மருத்துவர்கள் சொல்லி, மருந்தும் கொடுத்திருந்தார்கள். அதற்குப் பிறகு பேயோட்டும் சடங்கு தொடங்கியது. 1975இலிருந்து 1976 வரை 67 முறை. 1976 ஜூலை 1 அன்று, 23 வயதில், ஊட்டமும் நீரும் இல்லாமல் செத்துப்போனாள். உடல் எடை 30 கிலோ அளவில்தான் இருந்தது. பெற்றோரும் இரண்டு பாதிரியார்களும் அலட்சியத்தால் மரணம் விளைவித்த குற்றவாளிகள் என்று 1978இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிறுத்திவைக்கப்பட்ட ஆறு மாதச் சிறைதான் தண்டனை.

30 கிலோ எடையில் வயது வந்த ஒருவரைப் படுக்கையில் புரட்டிப் படுக்க வைத்திருக்கிறேன். இடுப்பெலும்பு கையில் குத்தும். அதைவிடப் பயங்கரமாக எந்தப் படமும் காட்டியதில்லை. மாமியாரின் கயிறு இருக்கட்டும் அக்கா, அதனால் கெடுதல் இல்லை. பையனுக்குத் தொடர்ந்து தூக்கம் கெட்டால் மட்டும் குழந்தை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

'எல்ம் தெரு' படத்தைப் பற்றியும் கேட்பான். லாவோஸிலிருந்து அகதிகளாக அமெரிக்கா வந்த மோங் இன ஆண்கள் சிலர் தூக்கத்திலேயே இறந்தார்கள். அந்தச் செய்திகளைப் படித்துத்தான் வெஸ் கிரேவன் 1984இல் அதை எடுத்தார். இதயத்தின் மின்துடிப்பில் உள்ள பரம்பரைக் கோளாறு இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று பிற்பாடு மருத்துவ உலகம் கண்டது. படத்தில் கனவில் வந்து கொல்கிற கத்தி விரல்காரன் முழுக்கக் கற்பனை.

புத்தூர் வாசகன்:

நாங்கள் ஆந்திராவில் புத்தூர் பக்கத்துத் தமிழர்கள். 1990களில் இங்கே ஒரு பேய் வதந்தி கிளம்பியது. ராத்திரியில் தெரிந்தவர் குரலில் கூப்பிடும், கதவைத் திறந்தால் சாவு. வாசலில் 'ஓ ஸ்திரீ, ரேப்பு ரா' என்று எழுதி வைத்தால் நாளை வரலாம் என்று திரும்பிப் போய்விடுமாம். எங்கள் வீட்டில் தெலுங்கு எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பாட்டி கரித்துண்டைக் கொடுத்து என்னை எழுதச் சொன்னாள். "தமிழ்ப் பேய் வந்தால் என்ன செய்வாய்?" என்று தாத்தா கேட்டதும், கீழே தமிழிலும் எழுதச் சொன்னாள்.

இதே வதந்தி கர்நாடகத்தில் 'நாளே பா'. அதிலிருந்துதான் 2018இல் இந்திப் படம் 'ஸ்திரீ' வந்தது. இந்த வகையில் உண்மைச் சம்பவம் என்பது கரித்துண்டு மட்டும்தான்.

தக்கலைக்காரி:

எல்லாருக்கும் நன்றி. துணிப் பொம்மையின் படத்தைக் காட்டினேன். "இதுவா?" என்று இரண்டு முறை கேட்டான். ஹாரிஸ்வில் வீட்டுக்காரர்கள் வழக்குப் போட்ட கதைதான் அவனுக்கு மிகவும் பிடித்திருக்கிறது, சித்தி மகனுக்குப் போன் செய்து சொல்லிவிட்டான். அடுத்த கேள்வி, 'எக்சார்சிஸ்ட்' உண்மையா? மாமியார் கயிற்றை அவிழ்க்கச் சம்மதிக்கவில்லை.

பழைய ஆபரேட்டர், மார்த்தாண்டம்:

படத்தில் பேய் பிடிப்பது ஒரு பெண் குழந்தையை. அசலில் அது ஒரு பையன். 1949இல் மேரிலாந்தில் தொடங்கி செயின்ட் லூயிஸில் சடங்கு நடந்தது. வில்லியம் பீட்டர் பிளாட்டி மாணவராக இருந்தபோது பத்திரிகையில் படித்த அந்தச் செய்தியை வைத்து 1971இல் நாவல் எழுதினார், 1973இல் படம். தலை முழுச்சுற்றுச் சுற்றுவதெல்லாம் படத்துக்காகச் செய்தது. இப்போதைக்கு இதைச் சொன்னால் போதும். படத்தைக் காட்டிவிடாதீர்கள்.

பாறசாலை நர்ஸ்:

அக்கா, உங்களுக்காக ஒன்று. அன்னலீஸின் கதையையே ஜெர்மன்காரர்கள் 2006இல் 'ரெக்வியம்' என்று எடுத்திருக்கிறார்கள். பேய் உருவம் ஒரு காட்சியிலும் வராது. பையன் தூங்கிய பிறகு பாருங்கள்.