கொரோனா வார்டில் வந்த பேதி: உங்கள் அனுபவம் என்ன?

வார்டு செவிலியர்:

கொரோனா வார்டில் வேலை பார்த்த காலத்திலிருந்து ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். உள்நோயாளிக்குப் பேதி ஆரம்பித்தால் "கொரோனாதானே, அப்படித்தான் போகும்" என்று விட்டுவிடக் கூடாது. கொரோனா வைரஸ் குடலையும் தாக்கும், உண்மைதான். அது பற்றிக்கொள்ளும் ஏசிஇ2 புரதம் குடல் சுவரிலும் நிறைய இருக்கிறது. ஆனால் அந்தப் பேதி பெரும்பாலும் நோயின் ஆரம்பத்திலேயே வந்து தானாக அடங்கிவிடும். காய்ச்சல் விட்டு, ஆக்சிஜனைக் குறைத்த பிறகு புதிதாக ஆரம்பித்தால் சந்தேகப்பட வேண்டும்.

எழுபதைத் தாண்டிய ஒரு ஐயா நினைவுக்கு வருகிறார். எழுந்து உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கியிருந்தார். திடீரென்று தண்ணீராகப் போனது, ராத்திரி முழுக்க பெட்பேன்தான். வயிறு உப்பிவிட்டது, அடிவயிற்றைத் தொட்டாலே முகம் சுளித்தார். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மளமளவென்று ஏறியிருந்தன. கேஸ் ஷீட்டைப் புரட்டினால் செஃப்ட்ரியாக்ஸோன், அசித்ரோமைசின் என்று இரண்டு ஆன்டிபயாடிக், கூடவே அமிலத்தைக் குறைக்க பான்டோபிரசோல். மலப் பரிசோதனையில் கிளாஸ்ட்ரிடியாய்டீஸ் டிஃபிசில் என்ற குடல் பாக்டீரியாவின் நச்சு பாசிட்டிவ்.

ஆன்டிபயாடிக் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்து அழித்துவிடுகிறது. அந்தக் காலி இடத்தில் இந்தக் கிருமி பெருகி, நச்சை விட்டுப் பெருங்குடலைப் புண்ணாக்குகிறது. மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளிகளில் ஆன்டிபயாடிக் தேவைப்படும் பாக்டீரியா தொற்று இருந்தது வெறும் 8 சதவீதம் பேருக்குத்தான், ஆனால் சுமார் 75 சதவீதம் பேருக்கு அது கொடுக்கப்பட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2024-ல் சொன்னது. அதைப் படித்தபோது எனக்கு மனசு ஆறவே இல்லை.

அந்த ஐயாவுக்கு ஊசி ஆன்டிபயாடிக்கை நிறுத்திவிட்டு, இந்தக் கிருமியை அடக்கும் வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை வாய்வழியாகக் கொடுத்தார்கள். அதையே நரம்பு வழியாக ஏற்றினால் குடலுக்குள் போய்ச் சேராது. மெல்ல மெல்லத் தேறினார்.

இன்னொன்று, சானிட்டைசர். அப்போது எங்கே பார்த்தாலும் அதுதான். இந்தக் கிருமி கெட்டியான ஓடு போர்த்திய விதைத்துகள்களாக (ஸ்போர்) வெளியே கிடக்கும், அவை ஆல்கஹாலுக்குச் சாகாது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவித்தான் கையிலிருந்து போக்க முடியும். கட்டில் கம்பி, கழிப்பறைக் கைப்பிடி எல்லாவற்றையும் பிளீச்சிங் கரைசலால் துடைக்க வேண்டும். பார்த்துக்கொள்ள வருகிறவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

மகள்:

சிஸ்டர், என் அம்மாவுக்கு டிஸ்சார்ஜ் ஆன பிறகுதான் பேதி ஆரம்பித்தது. முதலில் பார்த்த இடத்தில் பேதியை நிறுத்த மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், வயிறு இன்னும் உப்பிக்கொண்டது. அப்புறம் வேறொரு டாக்டரிடம் டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டினேன். "எந்தெந்த ஆன்டிபயாடிக் போட்டார்கள்?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. அந்தச் சம்மரியைத் தூக்கிப் போடாமல் பத்திரமாக வைத்திருங்கள். அம்மாவுக்கும் இதே கிருமிதான். சரியாகி, சில வாரத்தில் மறுபடி வந்தது. இப்போது நன்றாக இருக்கிறார். முழுக்கப் போய்விட்டதா என்று திரும்ப மலப் பரிசோதனை செய்ய வேண்டுமா?

லேப் ஊழியர்:

நான் பார்த்தது வேறு. டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு போட்ட ஒரு கொரோனா நோயாளியின் மலத்தில், மைக்ராஸ்கோப்புக்குக் கீழே புழுக்குஞ்சுகள் நெளிந்தன. ஸ்டிராங்கிலாய்டீஸ். பல வருடம் சத்தமில்லாமல் குடலில் கிடக்கும் புழு, ஸ்டீராய்டு போட்டால் பெருகி உடம்பு முழுக்கப் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். இந்தப் புழு பரவலாக இருக்கும் இடங்களில் வாழ்ந்தவர் என்றால், ஸ்டீராய்டு போடும்போதே ஐவர்மெக்டின் என்ற புழு மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

வார்டு செவிலியர்:

திரும்ப மலப் பரிசோதனை வேண்டாம் அம்மா. பேதி நின்ற பிறகும் பரிசோதனை சில வாரம் பாசிட்டிவாகவே காட்டலாம், வீணாகக் கலங்குவீர்கள். மலம் கட்டியாகப் போகிறதா என்று மட்டும் பாருங்கள். ஐந்து பேரில் ஒருவருக்கு இப்படித் திரும்ப வருவது உண்டு. திரும்பவும் தண்ணீராகப் போனால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். இனி பல் வலிக்கு ஆன்டிபயாடிக் எழுதினாலும், அம்மாவுக்கு இந்தத் தொற்று வந்ததை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.