முடக்குவாதத்தோடு தைரொயிட்டும்: அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம்தான் எங்கள் ஊர். 30 வருடம் கொழுந்து பறித்த அம்மாவுக்கு முடக்குவாதம் (மூட்டுகள் வீங்கி வலிக்கும் நோய்). அதற்கு வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் மருந்து எடுக்கிறார். இந்த வருடம் ஓயாத அசதி, எடை கூடியது, வெயிலிலும் மார்கழிக் குளிர். மூட்டு நோயின் வேலை என்றே இருந்துவிட்டோம். தைரொயிட்டுக்கான இரத்தப் பரிசோதனை (டி.எஸ்.எச்.) செய்த பிறகுதான் தைரொயிட் சுரப்புக் குறைவு என்று தெரிந்தது. இரண்டுமே நோயெதிர்ப்புச் சக்தி நம் உடலையே தாக்குவதால் வருபவை, சேர்ந்து வருவது புதிதல்ல என்றார் வைத்தியர்.

சுரப்புக் குறைவை ஈடுசெய்யும் தைரொக்சின் மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கி, தேநீருக்கு அரை மணி நேரமாவது பொறுக்க வேண்டுமாம். கல்சிய மாத்திரைக்கு 4 மணி நேர இடைவெளி. விடியற்காலைப் பிளேன்டீயை அம்மாவிடமிருந்து யார் பிடுங்குவது!

அக்காமாரே, அண்ணன்மாரே, இரண்டு நோய்க்கும் மருந்தெடுப்பவர்கள் நேரத்தை எப்படிப் பிரித்துக்கொள்கிறீர்கள்? தைரொக்சின் தொடங்கியபின் காலையில் வரும் மூட்டு விறைப்பு குறைந்ததா?