புதுப்பிப்பு: மதுரையில் சம்பளத்தோடு கோடைப் பயிற்சி கிடைத்தது

பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு விடுமுறையில், உதவித்தொகை தரும் மருத்துவமனைப் பயிற்சி மதுரையில் கிடைக்குமா என்று ஏப்ரலில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கிடைத்தது, ஆறு வாரமும் முடிந்தது.

மின்னஞ்சல் அனுப்பிய மூன்று இடங்களிலிருந்தும் பதிலே வரவில்லை. "நேரில் போய் நர்சிங் சூப்பிரண்டெண்டைப் பாரும்மா" என்று ஒரு அக்கா எழுதியிருந்தீர்களே, அதுதான் பலித்தது. முதல்வரின் கடிதமும் போனஃபைடு சான்றிதழும் கொண்டுபோனேன். முதலில் போன இடத்தில் அசல் மதிப்பெண் பட்டியலை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றார்கள். மறுத்துவிட்டு வந்தேன். நீங்களும் கொடுக்காதீர்கள். அடுத்த இடத்தில் நகலே போதும் என்றார்கள்: மாதம் 6,000 ரூபாய், மதியச் சாப்பாடு.

எதிர்பாராதது, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி அட்டையைக் கேட்டது. மூன்று டோஸ் முடிய ஆறு மாதம் ஆகும், அதனால் முதலாம் ஆண்டிலேயே போட்டுவிடுங்கள். நல்லவேளை, எனக்கு முடிந்திருந்தது.

நர்சிங் கவுன்சிலில் இன்னும் பதிவு பெறாத மாணவி என்பதால் தனியாக ஊசி போட விடவில்லை. அது சரிதான். ஆனால் கற்றது ஏராளம். முதல் நாளே சிஸ்டர் என் கையைப் பிடித்து டிரிப் சேம்பர் (சலைன் பாட்டிலுக்குக் கீழே துளி விழுவது தெரியும் சிறு குழாய்) பக்கம் நிறுத்தி, கடிகாரத்தைப் பார்த்துத் துளி எண்ணச் சொன்னார். மணிக்கு 100 மில்லி, ஒரு மில்லிக்கு 20 துளி என்றால் நிமிடத்துக்கு 33. புத்தகத்தில் பத்து முறை போட்ட கணக்கு, அன்றுதான் மனதில் நின்றது.

அப்புறம், இந்த நாட்களைக் கல்லூரி கிளினிக்கல் மணிக்கணக்கில் (படிப்புக்காக மருத்துவமனையில் முடிக்க வேண்டிய பயிற்சி நேரம்) சேர்க்கவில்லை. மருத்துவமனையில் அனுபவச் சான்றிதழ் மட்டும் கையெழுத்தோடு கொடுத்தார்கள்.