கப்பல் நிக்கற ஒரு பகலுக்குள்ள எந்த மாயன் கோயிலுக்குப் போறதுங்க? கோசுமெல், கோஸ்டா மாயா, பெலீஸ்

பெருந்துறை மருமக:

எல்லாருக்கும் வணக்கமுங்க. டிசம்பர் கடைசில குடும்பத்தோட க்ரூஸ் போறோமுங்க, தம்பி ஹூஸ்டன்ல இருக்கறான், அவந்தான் எல்லா டிக்கெட்டும் போட்டான். டெக்சாஸ்ல இருக்கற கால்வெஸ்டன் தொறைமுகத்துல ஏறுனா மெக்சிகோவுல கோஸ்டா மாயா, பொறவு பெலீஸ் சிட்டி, மறுபடி மெக்சிகோவுல கோசுமெல்னு மூணு எடத்துல கப்பல் நிக்குது, மூணுலயுமே காத்தால எட்டு மணிக்கு நின்னா சாயந்திரம் அஞ்சுக்கெல்லாம் கெளம்பிருமாம். மூணு எடத்துலயும் மாயன் டூர் இருக்குதுங்க, அந்தப் பக்கம் பழங்காலத்துல இருந்த மாயன் சனங்க கட்டுன கோயில பாக்கறது. மூணுக்கும் போனா காசும் பத்தாது ஒடம்பும் தாங்காது, அதனால ஒண்ணு, மிஞ்சிப்போனா ரெண்டு.

நானு, எங்க வீட்டுக்காரரு, ஏழாவது படிக்கற பையன், எங்க மாமா அத்தைன்னு அஞ்சு பேரு. மாமாவுக்கு வயசு 73, ரிடையர்டான ஹிஸ்டரி வாத்தியாருங்க. கொடுமணல்ல குழி தோண்டறாங்கன்னு பேப்பர்ல சேதி வந்தாப் போதும், வண்டிய எடுத்துட்டு கெளம்பிருவாரு, பொழுதோடதான் வீடு வருவாரு. மெக்சிகோவுல இருக்கற சிச்சென் இட்சாங்கற மாயன் ஊர பாக்கோணும்ங்கறது அவருக்கு வாத்தியாரா இருந்த காலத்துல இருந்தே ஆசை, வாய் விட்டு கேக்க மாட்டாரு, ஆனா எங்களுக்குத் தெரியும். இப்ப முட்டி தேஞ்சு போச்சுங்க, மட்டமான தடத்துல நல்லா நடப்பாரு, படின்னா செரமம். அத்தைக்கு வெயில் ஆகாது, முட்டைகூட சேத்த மாட்டாங்க. பையன் எதாவது ஒரு பிரமிடு மேல ஏறியே ஆகோணும்ங்கறான்.

கோசுமெல்ல இருந்து சிச்சென் இட்சா போய்ட்டு வர நேரம் பத்துமா? ஏற விடற எடம் எது? கப்பல் கம்பெனி டூர்லயே போறதா, எறங்கி டாக்ஸி பேசிக்கறதா? போய்ட்டு வந்தவங்க யாராவது சொல்லுங்க, மாமா மொகம் வாடாம கூட்டிட்டு வரோணும், அதுதான் எனக்கு முக்கியம்.

நொய்யல்கரை:

ஏனுங்க அக்கா, மொதல்ல சிச்சென் இட்சாவ பேசி முடிச்சரலாம், இந்த தடவ அது வேண்டாமுங்க. கோசுமெல் தீவு. பெர்ரில ப்ளாயா டெல் கார்மென் வர முக்கால் மணி நேரம், அங்கிருந்து பஸ்ல சுமார் 180 கிலோமீட்டர், ரெண்டரை மணி நேரம். போக வர சேத்தா ஆறரை மணி நேரம் தடத்துலயே போயிருது. கப்பல்ல இருந்து எறங்க அரை மணி, சாயந்திரம் நாலரைக்கு திரும்ப உள்ள இருக்கோணும், பெர்ரிக்கு வேற காத்துக் கெடக்கோணும், மிச்சம் ஒரு மணி நேரம் நின்னா பெருசு. அந்த ஒரு மணில மாமா என்னத்தப் பாப்பாரு? பந்தாட்ட மைதானமே 168 மீட்டர் நீளமுங்க, ஒரு கோடில இருந்து இன்னொரு கோடிக்கு நடந்து செவுத்துல செதுக்குனத பாத்துட்டு வரவே அவருக்கு அரை மணி வேணும். குகுல்கான் பிரமிடுக்கு நாலு பக்கமும் 91 படி, மேல ஒண்ணு, ஆக மொத்தம் 365, வருஷத்துக்கு எத்தன நாளோ அத்தன, மார்ச்லயும் செப்டம்பர்லயும் பகலும் ராத்திரியும் சமமா வர்ற சமயத்துல படியோரமா நெழலு பாம்பு மாதிரி எறங்கும். இதையெல்லாம் பசங்களுக்கு சொல்லிக்குடுத்தவரு அங்க போய் வாட்சப் பாத்துட்டே ஓடக் கூடாதுங்க. பின்னால ஒருக்கா பக்கத்து ஊரு வயடோலிட்ல ராத்திரி தங்கிட்டு, காத்தால எட்டு மணிக்கு கேட்டு தொறக்கையில உள்ள போற மாதிரி தனியா கூட்டிட்டுப் போங்க, கூட்டம் வர்றதுக்குள்ள பாதி பாத்தரலாம்.

இந்த மாதிரி க்ரூஸ்ல பேர பாத்து எடத்த எடுக்கக் கூடாதுங்கக்கா. ரோட்டுல எவ்வளவு நேரம், கல்லு முன்னால எவ்வளவு நேரம்னு பாக்கோணும், மொதலாவது எச்சா இருந்தா அந்த டூர விட்றோணும். அப்படி பாத்தா உங்க மூணு எடத்துல கோஸ்டா மாயாதான் நல்லது, அங்கிருந்து சாக்சோபென்ங்கற மாயன் கோயில் எடம் ஒரு மணி நேரந்தான், ரோடும் நேரான ரோடு.

சாக்சோபென்ன நெம்பப் பேருக்குத் தெரியாது, அதனால எளப்பமா நெனைக்காதீங்க. சுத்தியும் காடுதான், பெரிய பெரிய பனை மாதிரி மரம், நடக்கற தடம் முச்சூடும் நெழலு, அத்தைக்கு பிரச்சனையே இல்ல. உள்ள போனதும் டெம்பிள் 24னு ஒரு பிரமிடு கண்ணுக்கு நேரா நிக்குது, அது தரைலயே நின்னு பாக்கறதுதான், மாமா ஒரு படிகூட ஏற வேண்டியதில்ல. தாண்டிப் போனா கிரான் பசமென்டோன்னு பெரிய மேடை இருக்குது, அது மேல போக மட்டும் படி உண்டு, முட்டி ஒத்துழைக்கலைன்னா அவரு கீழ மரத்தடில ஒக்காந்துக்கலாம். சில எடத்துல செவப்புப் பூச்சு இன்னும் ஒட்டிட்டு இருக்குதுங்க, அத கைடுகிட்ட கேட்டு கட்டாயம் பாக்க சொல்லுங்க. இப்ப நாம பாக்கற சாம்பக் கல்லு அவங்க காலத்துல அப்படி இல்ல, சுண்ணாம்புக் கல்ல சுட்டு சாந்தாக்கி மேல முச்சூடும் பூசி செவப்பு அடிச்சிருந்தாங்க. இரும்பு உளி இல்ல, வண்டிச்சக்கரம் இல்ல, பாரம் இழுக்க மாடு இல்ல, அத்தனையும் மனுசன் தலைச்சுமை. அந்த ஒட்டுச் செவப்ப கிட்ட நின்னு பாத்தா மாமா அங்கிருந்து நகர மாட்டாருங்க.

பிரமிடு மேல ஏற அங்க விட மாட்டாங்க. கோசுமெலுக்கு எதுத்தாப்ல கரைல இருக்கற துலும்லயும், சிச்சென் இட்சாவுலயும் விடறதில்ல. பையனுக்கு பெலீஸ்ல ஆல்டுன் ஹா, அங்க ஏறலாம்.

மேட்டுக்காடு:

நொய்யல்கரை சொல்றது பெரும்பாலும் செரி, ஆனா துலும ஒரே வரில தள்ளிட்டாரு, அத நான் ஒத்துக்க மாட்டேன். கோசுமெல்ல இருந்து பெர்ரி முக்கால் மணி, பொறவு பஸ் ஒரு மணி, அவரு சொன்ன கணக்குலயே துலும் பாஸாகுதுங்க. அது மலங்காட்டுக்குள்ள இருக்கற கோயில் இல்ல, தொறைமுக ஊரு. மூணு பக்கம் மதில், நாலாவது பக்கம் கடல், பாறை விளிம்புல எல் காஸ்டில்லோங்கற பெரிய கோயில் நிக்குது. அப்சிடியன்ங்கற எரிமலைக் கண்ணாடிக் கல்லு, ஜேடுங்கற பச்சைக் கல்லு, உப்பு, துணின்னு தோணில ஏத்தி எறக்குன ஊரு. மாமா கொடுமணல்ல பாசிமணியும் கல்லும் எங்கிருந்து எங்க போச்சுன்னு யோசிக்கறவரா இருந்தா, நம்ம நொய்யல் ஓரத்து யாவாரத்துக்கு ஒரு தங்கச்சி ஊரு கடலோரத்துல இருந்த மாதிரி இருக்கும் அவருக்கு. ஸ்பானியக்காரன் வந்த பொறவும் கொஞ்ச காலம் ஆளுக குடியிருந்த ஊருங்க அது, மத்த ஊருல பலதும் அதுக்கு நெம்ப முன்னாலயே காலியானது.

ஒரு வாசப்படிக்கு மேல சாமி செல ஒண்ணு இருக்குது, தல கீழயும் காலு மேலயுமா வானத்துல இருந்து குதிக்கற மாதிரி. அத தேனீ சாமின்னு சில ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க. மாயன் சனங்க கொட்டாத தேனீய வளத்தி தேன் எடுத்தவங்க, நம்மூர்ல செவுத்துப் பொந்துல இருக்குமே கொசுத்தேனீ, அந்த எனம், இன்னைக்கும் மெக்சிகோவோட யுகடான் பக்கம் வளத்தறாங்க. பையனுக்கு அதக் காட்டுங்க.

ஆனா நெழலு கெடையாது, இத மறைக்கக் கூடாது. அத்தைக்கு வெயில் ஆகாதுன்னா துலும் வேண்டாம். இப்ப அத ஜாகுவார் பார்க்குன்னு ஒரு பெரிய பூங்காவுக்குள்ள கொண்டு வந்துட்டதால டிக்கெட்டும் தனித்தனி, நடையும் எச்சு. கோசுமெல்லதான் பாக்கோணும்னா தீவுக்குள்ளயே சான் ஹெர்வாசியோ இருக்குது, டாக்ஸில போயிரலாம். சின்ன சின்ன கட்டடந்தான், ஆனா பிள்ளை வரம் குடுக்கற இஷ்செல் அம்மன கும்புட பொண்டு பிள்ளைங்க கடல் தாண்டி தோணில வந்த எடம். அத்தைக்கு அது புடிக்கும்னு தோணுது.

பெருந்துறை மருமக:

ரெண்டு பேருக்கும் நெம்ப நன்றிங்க. சிச்சென் இட்சா பத்தி மாமாகிட்ட பக்குவமா சொன்னேன், "ஓடிப் பாக்கறதுக்கு பாக்காமயே இருக்கலாம் கண்ணு"ன்னுட்டாரு. சாக்சோபென் படத்த போன்ல பெருசு பண்ணி பாத்துட்டே இருக்கறாரு. அது முடிவாயிருச்சு. இப்ப பெலீஸ்தான் கொழப்பம், ஆல்டுன் ஹாவா லமனையான்னு. தம்பி லமனைக்கு படகு சவாரி இருக்குதுங்கறான். பொறவு விசா, நேரம், சாப்பாடு இதையும் யாராவது சொல்லுங்க, அத்தை இப்பவே புளிசாதம் கட்டிக்கலாமான்னு கேக்கறாங்க.

கவுந்தப்பாடி:

லமனை போய்ட்டு வந்தவன் சொல்றேனுங்க. பஸ்ல போயி, பொறவு நியூ ரிவர்ல வேகப் படகு, ரெண்டு பக்கமும் காடு, மொதலை கெடக்கும், பறவை கெடக்கும், ஆத்துல போறதே ஒரு டூருதான். மேல ஏறுனா உயரக் கோயில் 33 மீட்டர். இன்னொரு கோயில்ல மனுசன விட ரெண்டு மடங்கு உயரத்துக்கு கல்லு மொகம், ஒதடு மூக்கெல்லாம் தெளிவா. அங்க எனக்கு கண்ணு நின்ன எடம் வேறங்க, காட்டுக்குள்ள 19ஆம் நூத்தாண்டு சக்கரை ஆலை ஒண்ணு இடிஞ்சு கெடக்குது, அந்த இரும்புச் சக்கரத்த ஆலமரம் மாதிரி ஒரு மரம் வேர் விட்டு கட்டிப் புடிச்சிருக்குது. ஆலை வெச்சு காச்சற ஊர்க்காரனுக்கு அத பாத்தா சும்மா வர முடியாது. கிட்டத்தட்ட 3000 வருஷம் சனங்க இருந்த ஊரு, மாயன் கோயிலு, ஸ்பானிஷ் சர்ச்சு, வெள்ளக்காரன் ஆலைன்னு எல்லாம் ஒட்டுக்கா ஒரே எடத்துல.

ஆனா உங்க குடும்பத்துக்கு நான் லமனை சொல்ல மாட்டேன். காரணம், பெலீஸ் சிட்டில கப்பல் கரைக்கு வராது. கடல் ஆழம் பத்தாதுன்னு தூரத்துலயே நங்கூரம் போட்டு, சின்ன படகுல கரைக்கு கொண்டு போவாங்க. அதுல ஏறி எறங்கி, பஸ்ல ஏறி எறங்கி, மறுபடி ஆத்துப் படகுல ஏறி எறங்கின்னு, முட்டி தேஞ்சவருக்கு கோயில் படிய விட இது மோசம். அவரையும் அத்தையையும் அன்னைக்கு கப்பல்லயே ஓய்வா விட்டுட்டு, உங்க வீட்டுக்காரரும் பையனும் ஆல்டுன் ஹா போய்ட்டு வரட்டும். பஸ்ல ஒரு மணி நேரந்தான், புல்லு வெட்டி சுத்தமா இருக்கும், படி செங்குத்து, கைய ஊனி ஏறோணும். பெலீஸ்காரங்க பீர் பாட்டில் லேபிள்ல இருக்கறது அந்தக் கோயிலுதான். 1968ல அங்க ஒரு கல்லறைல ஜேடு கல்லுல செதுக்குன சூரிய சாமி தலை கெடச்சுது, 4.42 கிலோ, 15 சென்டிமீட்டர் உயரம், ஒரே கல்லு. அந்த மண்ணுல அப்படிக் கல்லே கெடையாது, குவாதமாலா பக்கமிருந்து வந்தாகோணும். அந்தக் கோயில் மேல பையன் ஏறி நின்னு பாத்துட்டு வந்து தாத்தாவுக்கு சொன்னா அவரு மிச்சத்த சொல்லிருவாரு.

அன்னூர்:

விசா, நேரம், சாப்பாடு மூணும் நான் சொல்றேனுங்க.

மாமா அத்தை விசிட்டர் விசான்னா அது மல்டிபிள் என்ட்ரியா இருக்கோணும், கப்பல் வெளிய போய் திரும்பி வர்றப்ப மறுபடி அமெரிக்காவுக்குள்ள நுழையறீங்க. செல்லுபடியாகற அமெரிக்க விசா இருந்தா மெக்சிகோவுக்கு இந்தியர்களுக்கு தனி விசா வேண்டாம். பெலீஸ பத்தி கப்பல் கம்பெனிகிட்ட மெயில்ல பதில் வாங்கி வெச்சுக்குங்க, வாய்ச் சொல்லு வேண்டாம்.

நேரந்தான் நெம்ப முக்கியம். கோசுமெலும் கோஸ்டா மாயாவும் கின்டானா ரூ மாநிலம், 2015ல இருந்து அங்க வருஷம் பூரா ஒரே நேரந்தான். டிசம்பர்ல அது கால்வெஸ்டன் நேரத்துக்கு ஒரு மணி முன்னால ஓடும். பெலீஸ் அப்படி இல்ல, டிசம்பர்ல கால்வெஸ்டனும் அதுவும் ஒண்ணு. போன் கரைல டவர் கெடச்சதும் தானா மாறிக்கும், கப்பல் கடிகாரம் மாறலாம் மாறாமயும் இருக்கலாம். அதனால கைல ஒரு சாதா வாட்ச் கட்டி கப்பல் நேரத்துக்கு வெச்சுக்குங்க, அத மட்டும் பாருங்க. டூர் கப்பல் கம்பெனியோடதுன்னா பஸ் லேட்டானாலும் கப்பல் நிக்கும், நீங்களா டாக்ஸி புடிச்சு லேட்டானா நிக்காது. வயசானவங்க கூட இருக்கறப்ப சாக்சோபென்னுக்கு அவங்க டூரே போடுங்க, காசு கொஞ்சம் எச்சானாலும் பரவால்ல. தம்பிகிட்ட சொல்லி காத்தால மொத பஸ்ஸ புடிக்க சொல்லுங்க, பத்து மணிக்கு மேல எல்லா பஸ்ஸும் ஒண்ணா வந்து எறங்கும்.

புளிசாதம் வேண்டாமுங்க, கப்பல்ல இருந்து சமைச்சதும் பழமும் கரைக்கு கொண்டு போக விட மாட்டாங்க. பாக்கெட் பிரிக்காத முறுக்கு, தட்டுவடை, கடலமுட்டாய் எடுத்துக்குங்க. அங்க மக்காச்சோள ரொட்டி அத்தை தாராளமா சாப்படலாம், சோளத்த சுண்ணாம்புத் தண்ணில ஊற வெச்சு அரைச்சு சுடறது, அவகாடோ மசியலும் சாப்படலாம். அவரைக் கொட்டை மசியல்ல மட்டும் பன்னிக் கொழுப்பு போட்டு தாளிக்கற வழக்கம் இருக்குது, "சின் மான்டேகா", அதாவது கொழுப்பு இல்லாமன்னு கேட்டு வாங்குங்க. சோத்தையும் கேளுங்க, கோழித் தண்ணில வேக வெச்சிருப்பாங்க. ஆரஞ்சு கலர்ல சின்னக் கிண்ணத்துல வர்ற சட்னி ஆபனேரோ மொளகா, பையன் நம்மூர் காரம்னு நெனச்சு அள்ளிப் போட்டுறப் போறான், பாத்துக்குங்க.