எக்ஸ்ரே ஆப்டிக்ஸ் பிஎச்டி: கண்ணாடி பக்கமா, கணினி பக்கமா?

அரைஅலை:
எம்.எஸ்சி. இயற்பியல் முடிக்கப் போகிறேன். பிஎச்டிக்கு ரெண்டு இடம் கிடைக்கும்போல. ஒரு குழு எக்ஸ்ரேயைப் பிரதிபலித்துக் குவிக்கும் கண்ணாடிகளைச் சோதிக்கிறது. இன்னொன்று டைக்கோகிராபி, அதாவது சிதறல் தரவிலிருந்து கணினியில் படத்தை மீட்டெடுப்பது. கண்ணாடி பக்கம் போனால் பின்னால் வேலை கிடைக்காது என்று பயமுறுத்துகிறார்கள். உள்ளே இருப்பவர்கள் சொல்லுங்களேன்.

பீம்லைன்வாசி:
தம்பி, நான் சின்க்ரோட்ரானில், அதாவது எலக்ட்ரான்களைச் சுற்றவிட்டு எக்ஸ்ரே எடுக்கும் கூடத்தில், பீம்லைன் (அந்தக் கதிர் வந்து சேரும் சோதனை நிலையம்) விஞ்ஞானி. போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) வரை கண்ணாடிதான் எனக்குச் சோறு போட்டது, அதனால் கொஞ்சம் பாரபட்சம் இருக்கும்.

எக்ஸ்ரே எதிலும் லேசில் வளையாது. ஒளிவிலகல் எண் 1-ஐ விட லட்சத்தில் ஒரு பங்கு, இல்லை அதற்கும் கம்மியாகத்தான் குறையும். 1895-ல் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ராண்ட்கனே லென்ஸ் வைத்துப் பார்த்தார், குவியவில்லை. எண் 1-க்குக் கீழே என்பதால் குவிக்கும் லென்ஸ் குழிந்திருக்க வேண்டும், அதுவும் வரிசையாகப் பல. அதைச் செய்துகாட்ட 1996 ஆயிற்று, பிரான்சின் கிரெனோபிளில் ஸ்னிகிரெவ் குழு. கண்ணாடிக்காரர்கள் முந்திக்கொண்டார்கள்: 1948-ல் கிர்க்பாட்ரிக்கும் பேஸும் சொன்ன, ஒன்றுக்கொன்று செங்குத்தான ரெட்டைக் கண்ணாடியைத்தான் இன்றும் நாங்கள் பூட்டுகிறோம்.

தினசரி வேலை? பெரும்பாலும் வெப்பநிலையோடு மல்லுக்கட்டுவது. 10 செ.மீ. அலுமினியத் துண்டு 0.1 டிகிரி சூடானாலே 230 நானோமீட்டர் நீளும். நம் குவிபுள்ளியே 100 நானோமீட்டர்தான். ஹட்சுக்குள் (பீம் வரும் மூடிய அறை) போய் ஒரு திருகைத் தொட்டுவிட்டு வந்தால், உங்கள் உடம்புச் சூடு அடங்கும்வரை புள்ளி நகர்ந்துகொண்டே இருக்கும். அப்புறம்தான் தங்கக் கம்பியை பீமின் குறுக்கே நகர்த்தி, எக்ஸ்ரேயை அளக்கும் டயோடின் மின்னோட்டத்தை வரைந்து, அந்தக் கோட்டின் சரிவிலிருந்து புள்ளியின் அகலத்தை எடுப்போம். ராத்திரி மூன்று மணிக்கு இதைச் செய்யப் பிடித்தால் வாருங்கள்.

டைக்கோகிராபியில் மாதிரியின் படத்தோடு பீமின் வடிவமும் சேர்ந்தே வெளிவரும். கண்ணாடியில் எங்கே பழுது என்று நாங்களே அதை வைத்துத்தான் பார்க்கிறோம். ஆக நீங்கள் நினைப்பதுபோல இது ரெண்டு துறை இல்லை.

வேலையா? சிப் தயாரிப்பில் 13.5 நானோமீட்டர் ஒளிக்கு மாலிப்டினம்–சிலிக்கான் அடுக்குக் கண்ணாடிகள் வேண்டும். விண்வெளித் தொலைநோக்கிக்காரர்களுக்கும் ஆள் வேண்டும்.

வோக்சல்:
அண்ணன் சொன்னதில் பாதிக்கு உடன்பாடு. நிரந்தர பீம்லைன் இடங்கள் சொற்பம், அதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். நான் இமேஜிங் முடித்து மருத்துவ சிடி ஸ்கேன் பக்கம் வந்துவிட்டேன். இங்கே நேர்முகத்தில் நான் எழுதிய கணினி நிரலைத்தான் கேட்டார்கள், கண்ணாடியை யாரும் கேட்கவில்லை.

அரைஅலை:
நன்றி. கண்ணாடிக் குழுவில் சேர்ந்தால் கோடிங் எவ்வளவு தெரிய வேண்டும் சார்?

பீம்லைன்வாசி:
பைத்தான், ஃபூரியர் மாற்றம் ரெண்டும் கைப்பழக்கமாக இருக்கட்டும். வோக்சல் சொன்ன இடப் பற்றாக்குறை நிஜம்தான். சேர்வதற்கு முன் கைடிடம் ஒன்றைக் கேளுங்கள்: பீம்டைம் (பீம்லைனில் ஒதுக்கப்படும் நேரம்) கிடைக்கும்போது கண்ணாடியைச் சரியாகப் பொருத்தும் அலைன்மென்ட்டை மாணவர் செய்வாரா, போஸ்ட்டாக் செய்வாரா? போஸ்ட்டாக் என்றால் இன்னொரு குழுவுக்கே போங்கள்.